கறுப்புத் திரை

“நவம்பர் 12. சிறு தவறு: திரையைக் கறுப்பாக்கும் விசையைச் சோதிக்காமலே அக்காவின் கணினியில் போட்டுவிட்டேன்.”

அதை எழுதிவிட்டு ஜூன்ஹோ அடுப்பில் ராம்யோன் நூடுல்ஸ் வைத்தான். அக்கா யோன்சு அச்சகத்துக்கு வீட்டிலிருந்தே பிழை திருத்துபவள். வெள்ளைத் திரை அவள் கண்ணை உறுத்தியது. அதற்காகவே அவன் கணினி நிரல் எழுதக் கற்றுத்தரும் மாலை வகுப்பில் சேர்ந்தான்.

“அந்த விசையை அழுத்துக்கா! கறுப்பாச்சா?”

“ஆச்சுடா, கண்ணுக்குக் குளுமையா இருக்கு! நீ கிளாஸ்ல தூங்குறன்னுல்ல நெனச்சேன்!”

சிரித்தபடி வந்து பார்த்தான். திரை வெள்ளையாகவே இருந்தது.

“அக்கா… எப்போலேர்ந்து?”

“ரெண்டு நாளா வெளிச்சம்கூடத் தெரியலடா. இப்படி ஆகும்னு டாக்டர் முன்னாடியே சொல்லிட்டாரு. அச்சகத்துல சொல்லிடாத, வேலை போயிடும்.”

அவன் நாட்குறிப்பைத் திறந்தான்.

“நாளை: திருத்த வேண்டிய மீதிப் பக்கங்களை, ஒரு புள்ளி, ஓர் இடைவெளியைக்கூட விட்டுவிடாமல், அக்காவுக்கு வாய்விட்டுப் படிக்க வேண்டும்.”