பஞ்சில் வைத்த பயறு

ஆறாம் வகுப்பு அறிவியல் பாடத்தின்படி விதை ஓர் உயிரற்ற பொருள். அதை மெய்ப்பிக்க, மாணவர்கள் ஈரப் பஞ்சில் பச்சைப்பயறை வைத்து, சில நாள் கழித்து அது அப்படியே இருப்பதை வகுப்பில் காட்ட வேண்டும். கடையில் விற்கும் கம்பெனிப் பயறு ஒருபோதும் முளைப்பதில்லை. முளைக்கும் விதையை வீட்டில் வைத்திருப்பதோ குற்றம்.

"அம்மா, பயறுக்கு வால் வந்துருக்கு!" ஆக்னஸ் டப்பாவை நீட்டினாள்.

வெள்ளையாக ஒரு முளை. ஜெசிந்தா டப்பாவைப் பிடுங்கிக்கொண்டாள். கடைப் பாக்கெட் தீர்ந்துபோனதால், துறைமுகத்தில் சுமை இறக்கும் கணவன் வெளிநாட்டுக் கப்பலிலிருந்து அள்ளிவந்த பயறை அவள்தான் மகளுக்குக் கொடுத்திருந்தாள். அதற்கு உயிர் இருக்கக்கூடும் என்று அவளுக்குத் தோன்றவேயில்லை. மாடி வீட்டுக்காரரை ஒரு கறிவேப்பிலைச் செடிக்காகப் போன மாதம்தான் பிடித்துப்போனார்கள்.

அவள் முளையை வாயில் போட்டு மென்று விழுங்கினாள்.

"ஏன்மா தின்ன? மிஸ்கிட்ட என்னத்தக் காட்ட?"

"எலி தின்னுட்டுன்னு சொல்லு."

"அப்போ நீ எலியா?" ஆக்னஸ் விழுந்து விழுந்து சிரித்தாள்.

மீதிப் பயறையும் அழித்துவிட ஜெசிந்தா அலமாரியைத் திறந்தாள். கிண்ணம் காலியாக இருந்தது.

"ஏட்டி, இதுல இருந்த பயறு எங்க?"

"வேன்ல யாருமே பயறு கொண்டு வரலம்மா. நீ குடுத்த அன்னைக்கே நான்தான் எல்லாருக்கும் குடுத்தேன்."

வாசலில் பள்ளி வேன் வந்து நின்றது. உள்ளே பிள்ளைகள் தத்தம் டப்பாக்களைத் திறந்து, ஒருவருக்கொருவர் காட்டி ஆரவாரித்துக்கொண்டிருந்தார்கள்.