மலையம்மாளின் வலது காது

போடியில் சுந்தர்ராஜ் முதலாளியின் ஏலக்காய்க் கிட்டங்கியில், மலையம்மாள் நாற்காலியில் சும்மா உட்கார்ந்து கூலி வாங்கத் தொடங்கி அன்றோடு ஐம்பது நாள்.

மற்ற பதினொரு பெண்களும் இடுப்பில் சாக்கைக் கட்டிக்கொண்டு, தரையில் குந்தி, சொளகில் குனிந்து காய் தரம் பிரித்தார்கள். காலையில் மலையம்மாளும் அப்படித்தான். மதியச் சாப்பாடு முடிந்ததும், சாக்கைக்கூட அவிழ்க்காமல் ஜன்னலோர நாற்காலியில் போய்ச் சாய்ந்துவிடுவாள். முதலாளியின் மகன் வைகுண்டராஜ் அவள் முகத்தை வரைவார்.

மேற்பார்வை பார்க்கும் சின்னச்சாமிக்கு இது பிடிக்கவில்லை. ஆனால் உத்தரவு பெரிய முதலாளியுடையது. வர்த்தகர் சங்கக் கட்டடத்தில் தன் படம் தொங்க வேண்டும் என்று அவருக்கு ஆசை. மகனே வரையட்டும், ஆனால் பழகாத கையில் தன் முகத்தை ஒப்படைக்க அவருக்கு மனமில்லை. யாராவது ஒரு வேலைக்காரியை வைத்துப் பழகு, அவள் முகம் சரியாக வந்ததும் நான் வந்து உட்காருகிறேன் என்று சொல்லியிருந்தார்.

வைகுண்டராஜ் மதராஸிலிருந்து வி.பி.பி. தபாலில் ஓர் ஓவியப் புத்தகம் தருவித்துப் படித்தார். முதல் படத்தில் மலையம்மாளின் கண்கள் நெற்றியில் ஏறி நின்றன. புதிதாக வரைகிற எல்லாருக்கும் அப்படித்தான் வருமாம். கண் இருப்பது தலையின் சரிபாதி உயரத்தில். அதை யாரும் நம்புவதில்லை என்றது புத்தகம். சின்னச்சாமியும் நம்பவில்லை. வீட்டில் நூல் பிடித்துத் தன் தலையையே அளந்தார். புத்தகம் சொன்னது சரி. அன்று முதல் அந்த நூல் அவர் சட்டைப் பையிலேயே இருந்தது.

அடுத்த படத்தில் கன்னத்து நிழலில் வைகுண்டராஜ் கொஞ்சம் பச்சை சேர்த்தார். அதுவும் புத்தகம் சொன்னதுதான்.

"ஏ புள்ள மலையம்மா, உன்னைய ரெண்டு நாள் வெயில்ல காயப் போடணும் போலயே" என்றாள் சங்கிலியம்மாள். பெண்களில் மூத்தவள்.

கேலிதான். ஆனாலும் ஒரே பச்சையில் ஏழு பச்சை பிரிக்கிற கண்கள் அவை. எங்கே எவ்வளவு கூடுதல் என்று துல்லியமாகச் சொல்லிவிட்டார்கள். அதிலிருந்து சனிக்கிழமைதோறும் படத்தைப் பெண்கள் முன்னால் வைத்து, காய்க்குக் கேட்பதுபோல் தரம் கேட்பது வழக்கமாயிற்று.

நாலாவது வாரத்தில் கண் வந்தது. ஐந்தாவது வாரத்தில் வாய் வந்தது. வலது காது மட்டும் வரவில்லை. ஒரு விரற்கடை கீழே தொங்கிக்கொண்டே இருந்தது.

"மூஞ்சி முதத் தரம். காதுதான் ரெண்டாந் தரம்" என்றாள் சங்கிலியம்மாள், மூன்றாவது சனிக்கிழமையாக.

சின்னச்சாமிக்கு மண்டை குடைந்தது. அவ்வளவு கஷ்டமான கண்ணையும் வாயையும் கொண்டுவந்த மனுஷனுக்கு ஒரு காது வராதா?

பாதி விடை தண்ணீர்ப் பானையருகே கிடைத்தது. சங்கிலியம்மாள் மற்றவர்களிடம் தணிந்த குரலில் சொல்லிக்கொண்டிருந்தாள்: "காது சரியா வந்தாலும் வரலைன்னே சொல்லுங்கத்தா. மாசம் எட்டாச்சு. அவ இடுப்புக்கு அந்தச் சாய்மானம் இன்னும் ஒரு மாசம் வேணும்."

மலையம்மாள் சாக்கை அவிழ்க்காத காரணம் அப்போதுதான் சின்னச்சாமிக்குப் புரிந்தது. வயிறு தெரிந்தால் அன்றே வீட்டுக்கு அனுப்பிவிட வேண்டும் என்பது பெரிய முதலாளியின் சட்டம். மலையம்மாளின் புருஷனோ மலையில் விழுந்து கால் முறிந்து கிடந்தான். அவள் கூலியில்தான் அடுப்பு எரிந்தது.

ஆனால் சின்னச்சாமி பதினெட்டு வருஷமாக முதலாளியிடம் எதையும் மறைத்தவரில்லை. நேரே வைகுண்டராஜிடம் போனார். "தம்பி, பொம்பளைக கூடிப் பேசி உங்கள ஏமாத்துறாக" என்று எல்லாவற்றையும் சொன்னார்.

வைகுண்டராஜ் தூரிகையைத் துடைத்துக்கொண்டே கேட்டுவிட்டுச் சொன்னார்.

"காது சரியா வந்து மூணு வாரமாச்சுண்ணே. வெள்ளிக்கிழமை சாயங்காலமானா அழிச்சுட்டுத் தப்பா வரையுறேன். அவங்க பொய் சொல்ல வேண்டாம் பாருங்க."

சின்னச்சாமி வாய் திறப்பதற்குள் வாசலில் செருப்புச் சத்தம். பெரிய முதலாளியே வந்துவிட்டார். புதுச் சவரம், சரிகைத் தலைப்பாகை. படத்தின் முன்னால் நின்று மலையம்மாளையும் படத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"நல்லாத்தானே இருக்கு. இன்னும் என்ன?"

"வலது காது வரலைப்பா" என்றார் மகன்.

"நான் தலைப்பாகை கட்டித்தான் உக்காரப்போறேன். காது எதுக்கு? திங்கக்கிழமை வர்றேன். இவ போய்க் காயைப் பாக்கட்டும்."

சொளகுச் சத்தம் நின்றது. நாற்காலியின் கையை மலையம்மாள் இறுகப் பிடித்துக்கொண்டாள்.

பெரிய முதலாளி சின்னச்சாமி பக்கம் திரும்பினார். "நீ சொல்லப்பா. உன் வாயில பொய் வராது. படம் சரியா இருக்கா?"

சின்னச்சாமி பையிலிருந்து நூலை எடுத்தார். மலையம்மாளின் மூக்கை அளந்தார். படத்து மூக்கை அளந்தார். ஒரு நூலிழைகூட வித்தியாசமில்லை.

"காது போகட்டுங்கய்யா, மூக்கே இன்னும் வரலை. நாளைக்குச் சங்கத்துல தொங்கப்போறது அய்யாவோட மூக்கு. இன்னும் ஒரு மாசம் இந்தப் புள்ள மூக்குலயே பழகட்டும்."