நாற்பது பன்

“நாற்பது பன்னையும் குப்பையில கொட்டிட்டேன்னு இவ்வளவு சாதாரணமா சொல்றீங்களே அண்ணி?”

நர்ஸ் ஃப்ரீசருக்கு முன்னால் நின்று கத்தினாள். ஃப்ரீசர் கதவு ஆவென்று திறந்து கிடந்தது. உள்ளே ஐஸ் ட்ரே மட்டும்தான் மிச்சம்.

நாத்தனார் உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். அவள் பக்கத்தில் மூன்று மணிக்குப் போட்ட டீ ஆறி, ஆடை படிந்து கிடந்தது.

சும்மாவா நாற்பது பன்? ராத்திரி டியூட்டி முடிந்து ஞாயிற்றுக்கிழமை காலை வீடு வந்தவள், செருப்பைக் கழற்றிய கையோடு மாவு பிசைய நின்றாள். கடை மூடும் நேரத்தில் மலிவாக வாங்கிய காய்கள், முந்தின நாள் மீந்துபோன உருளைக்கிழங்கு, எல்லாம் பன்னுக்குள் போய்விடும். கரண்டியில் ஒட்டிய மாவை உதற, பெரிய கண்ணாடிக் கிண்ணத்தின் விளிம்பில் டங் டங்கென்று தட்டுவாள். ஞாயிற்றுக்கிழமைகளில் பிள்ளைகளுக்கு அதுதான் அலாரம்.

ஓவன் ஒருமுறை சூடானால் நாலு தட்டும் வெந்த பிறகுதான் அணைப்பாள். ஆறியதும் பைகளில் போட்டு, திங்கள், செவ்வாய் என்று எழுதி ஃப்ரீசரில் அடுக்கிவிட்டால், வாரம் முழுக்க ஐந்து பேருக்கும் மதியச் சாப்பாட்டுக் கவலை இல்லை.

இன்றும் அடுக்கிவிட்டு அப்படியே கட்டிலில் விழுந்தாள். சாயங்காலம் ஆறு மணிக்கு எழுந்து பார்த்தால் இந்தக் கூத்து.

“கண்ணாடிக் கிண்ணத்தையும் காணோமே!”

“உடைஞ்சிடுச்சு,” என்றாள் நாத்தனார், பல்லைக் கடித்துக்கொண்டு பேசுவதுபோல.

அந்த நேரம் பார்த்து நர்ஸின் வீட்டுக்காரர் உள்ளே நுழைந்தார். பஸ் டிரைவர். எவ்வளவு நெரிசலிலும் லாவகமாக ஓட்டுகிற மனுஷனுக்கு, இந்த இரண்டு பேருக்கும் நடுவில் மட்டும் எந்த கியர் போடுவதென்று தெரியாது.

“உங்க அக்கா பண்ணின காரியத்தைக் கேளுங்க! ‘வாரம் பூரா பழசைத் தின்னணுமா’ன்னு அன்னைக்கே சொன்னாங்க. இன்னைக்குச் செஞ்சே காட்டிட்டாங்க.”

அது பொய்யில்லை. இரண்டு வருஷத்துக்கு முன்னால் தம்பி வீட்டோடு வந்து சேர்ந்த நாளிலிருந்தே நாத்தனாருக்கும் அந்த ஃப்ரீசருக்கும் ஆகாது. பிள்ளைகளுக்குத் தலை வாருவது, துணி மடிப்பது எல்லாம் அவள்தான். ஆனால் திங்கட்கிழமை அந்தப் பையைப் பிரித்தால் மட்டும் முகத்தைச் சுளிப்பாள்.

“அக்கா, நிஜமாவே நீதான் கொட்டினியா?”

“ஆமா.”

“ஏன்?”

“பிடிக்கல.”

“பிடிக்கலைன்னா நீ சாப்பிடாம இரு! புள்ளைங்க வாயில ஏன் மண்ணைப் போடறே?” டிரைவருக்குக் கோபம் தலைக்கேறியது.

விளையாடிவிட்டு அப்போதுதான் வந்த சின்னவள் வாசலிலேயே நின்றுவிட்டாள். நாத்தனார் பாய்ந்து போய் அவள் தோளைப் பிடித்தாள்.

“நீயும் அக்காவும் இன்னைக்கு பன் எதையாவது எடுத்துத் தின்னீங்களா? உண்மையைச் சொல்லு!”

“இல்ல அத்தை.” குழந்தை மிரண்டு போய் அம்மாவைப் பார்த்தாள்.

“பார்த்தீங்களா? புள்ளைங்க ஒண்ணு எடுத்துத் தின்னுட்டாங்களோன்னு அதுல வேற துருவல்!” நர்ஸுக்கு அழுகை பொங்கிவிட்டது. “இதுக்கு மேல என்னால முடியாது. ஒண்ணு அவங்க, இல்லைன்னா நான். காலையில யார் கிளம்பணும்னு நீங்களே சொல்லுங்க.”

டிரைவர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார்.

“அக்கா... கொஞ்ச நாளைக்குத் தங்கச்சி வீட்டுல போய் இரு.”

நாத்தனார் தலையை மட்டும் ஆட்டினாள். உள்ளே போய்ப் பையில் துணிகளை அடுக்க ஆரம்பித்தாள். ஒரு வார்த்தை மறுத்துப் பேசியிருந்தால்கூட டிரைவருக்கு மனசு இவ்வளவு கனத்திருக்காது.

குப்பைப் பையைத் தூக்கிக்கொண்டு படியிறங்கினார். இரண்டு முடிச்சுப் போட்டு இறுக்கிக் கட்டியிருந்தது. மேலாக இருக்கிற நாலைந்தாவது தேறுமா என்று நப்பாசை. சிக்கன வீடு அல்லவா, தெருவிளக்குக்குக் கீழே வைத்து முடிச்சை அவிழ்த்தார்.

ஒரு பன்கூட முழுசாக இல்லை. ஒவ்வொன்றும் நுணுக்கி நுணுக்கிப் பிய்க்கப்பட்டிருந்தது.

அடியில் பழைய பேப்பரில் சுற்றிய அந்தக் கண்ணாடிக் கிண்ணம். அது உடையவே இல்லை. விளிம்பில் மட்டும் கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு துண்டு பெயர்ந்திருந்தது.

கிண்ணத்துக்குள் கடித்த பன் ஒன்று, ரத்தக் கறையோடு. அதன் பக்கத்தில் ஒரு கண்ணாடிச் சில்லு. பெயர்ந்த இடத்தில் வைத்துப் பார்த்தார். பாதி இடத்துக்குக்கூட அது வரவில்லை; மீதிச் சில்லு எந்த பன்னுக்குள் போனதோ.

மூச்சிரைக்க மேலே ஓடினார். நாத்தனார் பையின் ஜிப்பை இழுத்துக்கொண்டிருந்தாள்.

“அக்கா, வாயைத் திற.”

அவள் மறுத்தாள். பிறகு திறந்தாள். நாக்கின் ஓரம் கிழிந்து வீங்கியிருந்தது.

“ஏன்க்கா சொல்லல? நான் உன்னை எப்படியெல்லாம்...”

“மெதுவாப் பேசுடா.” அவள் கதவைச் சாத்தினாள். “என் மேல கோபம்னா நாலு நாள்ல ஆறிடும். தன் கையாலேயே புள்ளைங்களுக்குக் கண்ணாடியைக் குடுக்க இருந்தோம்னு தெரிஞ்சா, அவ அதுக்கப்புறம் நிம்மதியா தூங்குவாளா? இப்பவே தூக்கம் இல்லாம ஓடிட்டிருக்கா.”

பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

“நாளைக்கே அவளுக்குப் பெருசா ஒரு எவர்சில்வர் கிண்ணம் வாங்கிக் குடுத்துடு. கண்ணாடி மட்டும் வேண்டாம்.”