கப்புக்கு அடியில்

“இதை எழுதினது யாரு?”

பீங்கான் பட்டறையின் முதலாளியம்மா ஒரு கப்பைத் தூக்கிப் பிடித்து நின்றாள். அதன் அடியை உள்ளங்கையால் மூடியிருந்தாள்.

பளபளப்பு தரும் கிளேஸ் குழம்பு வாளிக்கு முன்னால் உட்கார்ந்து கப்புகளை முக்கிக்கொண்டிருந்தவள், கையிலிருந்ததை வாளிக்குள் நழுவவிட்டாள்.

பட்டறை ஆட்கள் டீ குடிக்கவென்று போன வாரம் ஆறு கப் செய்தார்கள். அச்சுக்காரர் களிமண் குழம்பை அச்சில் ஊற்றி எடுத்தார். யாருடையது எது என்று தெரிய அடியில் எண் குத்தினார். தன் மகளின் பள்ளி விழாவுக்கு லீவு கிடைக்காத ஆத்திரத்தில், முதலாளியம்மாவின் ஒன்றாம் எண் கப்புக்கு அடியில் இவள் பென்சிலால் ஒரு வார்த்தை எழுதித் தொலைத்தாள். பென்சில் எழுத்து சூளையில் எரிந்துவிடும், அந்தத் தைரியம்தான். டப்பாவில் கிடந்தது நெருப்புக்கும் அழியாத வண்ணப் பென்சில் என்று யார் கண்டது?

உண்மையைச் சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் அச்சு மேசைப் பக்கமிருந்து குரல் வந்தது.

“நான்தாங்க,” என்றார் அச்சுக்காரர், குனிந்த தலை நிமிராமல்.

“இந்தப் புத்தி இருக்கறவங்க எனக்கு வேண்டாம். நாளையிலேருந்து வராதீங்க.”

முதலாளியம்மா விடுவிடுவென்று தன் அறைக்குள் போய்விட்டாள். அச்சுக்காரர் கையைத் துடைத்துக்கொண்டார். இவள் பக்கம் திரும்பவே இல்லை.

இவளுக்கு உடம்பெல்லாம் கூசியது. பிள்ளைகுட்டிக்காரர், தன் பழியைச் சுமந்துகொண்டு வேலையை இழக்கிறார். வாயை மூடிக்கொண்டு பார்த்திருக்கிறோமே, சீ, நாமெல்லாம் ஒரு மனுஷியா என்று நொந்துகொண்டே அறைக்குள் போனாள்.

முதலாளியம்மா டீ குடித்துக்கொண்டிருந்தாள்.

“அக்கா, அவரை நிறுத்தாதீங்க. எழுதினது நான். உங்களைச் சிடுமூஞ்சின்னு எழுதிட்டேன். புத்தி கெட்டுப்போச்சு, மன்னிச்சிடுங்க.”

முதலாளியம்மா அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். இழுப்பறையைத் திறந்து அந்தக் கப்பை எடுத்து நீட்டினாள். அடியில் இருந்தது நான்காம் எண், இவளுடைய எண். பக்கத்திலேயே அச்சுக்காரரின் கோணல் எழுத்தில் ‘கோள்மூட்டி’.

“நீ பார்த்தா மனசு உடைஞ்சுபோயிடுவியேன்னுதான் கையால மூடிக்கிட்டேன்,” என்ற முதலாளியம்மா, மீதி டீயைக் கொட்டிவிட்டுத் தன் கப்பைத் திருப்பிப் பார்த்தாள்.