முறைக்காத கை

தோள்வலி என்று வந்து குப்புறப் படுத்த அம்மாளைப் பிசியோதெரபிஸ்ட் பெண்ணுக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. காதலனின் செல்போனில் பார்த்த அதே முகம்; அவனுடைய அம்மா. இவர் தலையசைத்தால்தான் கல்யாணம். நல்லவேளை, அவருக்கு இவளைத் தெரியாது.

இறுகிக் கிடந்த தோளில் விரல்களைப் பதித்தாள். தசையைப் போர்த்திய சவ்வு தானாக இளகும்வரை, ஒரே அழுத்தத்தில் காத்திருக்க வேண்டும்.

"என் பையன் எவளோ ஒருத்திகிட்ட மயங்கிக் கிடக்கான்ம்மா," என்றார் அம்மாள். "ஊரார் உடம்பைப் பிடிச்சு விடுறவளாம்!"

"வலிக்குதாம்மா?"

"இல்ல. அவ என் வாசப்படிய மிதிக்கட்டும், அப்புறம் இருக்கு!"

 அவள் விரல்கள் அதே அழுத்தத்தில் அப்படியே நின்றன. தோள் மெல்ல இளகியது.

அம்மாள் எழுந்து, கையைத் தலைக்கு மேல் தூக்கிப் பார்த்தார்.

"அட, தேவலையே! இவ்வளவு திட்டியும் உன் கை ஒரு தடவைகூட முறைக்கலையே!"

"எனக்கு எதுக்கும்மா கோபம்?"

"அம்மா என்ன அம்மா, அத்தைன்னு கூப்பிடு. உன் போட்டோவை அவன் எப்பவோ காட்டிட்டான். உன் பொறுமையைப் பார்க்கத்தான் வந்தேன். ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வா. இன்னொரு தோள் பாக்கி இருக்கு."