பன்றிகளுக்குத் திறந்த கேட்

பக்கத்து வீட்டு கேட் இன்றைக்கும் திறந்துதான் கிடந்தது.

எனிட் சமையலறை ஜன்னல் வழியே பார்த்தாள். ரோலண்டின் புல்தரையை ஒரு தாய்ப் பன்றியும் அதன் குட்டிகளும் மூக்காலேயே உழுதுகொண்டிருந்தன. ரோலண்டோ வாசற்படியில் நின்று, தேநீரை உறிஞ்சியபடி, பேரப்பிள்ளைகளைப் பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பன்றிகள் வயிறு நிறைந்து காட்டுக்குள் திரும்பும்வரை பொறுத்திருந்து, கோட்டை மாட்டிக்கொண்டு வேலியோரம் போனாள்.

"ரோலண்ட், உங்களுக்கு என்னதான் ஆச்சு?"

"ஒண்ணும் இல்லையே. முட்டிதான் கொஞ்சம் வலிக்குது."

"ஊரே கேட்டைச் சாத்திட்டு உட்கார்ந்திருக்கு. நீங்க திறந்து வெச்சு ஆப்பிளையும் கொட்டி விருந்து வைக்கிறீங்க."

"வாடிப் போன ஆப்பிள்மா. தூக்கிப் போட மனசு வரல."

"போன வாரம் கால்பந்து மைதானத்தைக் கிளறிப் போட்டுடுச்சுங்க. அதுக்கு முன்னாடி சர்ச் தோட்டம். நீங்க பழக்கி விடுறதாலதான் எல்லாம்."

"அதுங்களுக்கும் பசிக்கும்ல, எனிட்."

அதற்கு மேல் அவரோடு பேசிப் பயனில்லை என்று திரும்பிவிட்டாள்.

அந்தப் புல்தரையை நினைத்தால்தான் அவளுக்கு ஆறவில்லை. கத்தரிக்கோலால் ஓரம் வெட்டி, கம்பளம் மாதிரி வைத்திருந்த மனிதர். பந்து உள்ளே விழுந்தால்கூட செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் போய் எடுக்கச் சொல்வார். இப்போது அது உருளைக்கிழங்கு வயல் போல இருந்தது.

அவளுடைய கணவரின் பெயர் ஐவர். அவரும் ரோலண்டும் பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டாளிகள். கிறிஸ்துமஸுக்கு முன்னால் ஐவர் காலமானார். அதற்குப் பிறகுதான் ரோலண்டுக்கு இந்தப் புத்தி. சிநேகிதன் போன துக்கத்தில் மூளை கலங்கிவிட்டது என்று மதுக்கடையில் பேசிக்கொண்டார்கள்.

"துக்கம் எனக்கும்தான் இருக்கு. நான் என்ன, பன்னிக்குப் பந்தியா போடுறேன்?" என்றாள் எனிட்.

வன அலுவலகத்துக்குப் போன் செய்தது அவள்தான்.

மறுநாள் மதியம் ஜோஸ்லின் என்ற அதிகாரி வந்தாள். எனிட்டும் வேலியோரம் வந்து நின்றாள். ரோலண்டின் தோட்டத்தைப் பார்த்தவுடன் தலையில் கை வைத்தாள்.

"சார், பன்னிக்குத் தீனி போடக் கூடாதுன்னு காட்டுப் பாதை முழுக்க போர்டு வெச்சிருக்கோம். மனுஷங்ககிட்ட பயம் விட்டுப் போச்சுன்னா, கடைசியில நாங்க அதுங்களைச் சுட வேண்டி வரும். உங்களுக்கு அது சம்மதமா?"

ரோலண்டின் முகம் வாடிவிட்டது. "நான் அதை யோசிக்கல."

"இன்னியோட ஆப்பிளை நிறுத்துங்க. கேட்டைச் சாத்துங்க."

"ஏப்ரல் வரைக்கும் மட்டும் விடக் கூடாதா?"

"ஏப்ரல்ல என்ன விசேஷம்?"

ரோலண்ட் எனிட்டை ஒரு பார்வை பார்த்தார். பிறகு பூட்ஸைப் பார்த்தார். "ஒண்ணுமில்ல. சாத்திடுறேன்."

எனிட்டுக்கு ஜெயித்த திருப்தி. அன்று மாலை அந்த கேட் சாத்தும் சத்தம் காதுக்கு இனிமையாக இருந்தது.

மறுநாள் பொழுது புலரும் நேரம். டங் டங்கென்று ஒரே சத்தம். எனிட் பதறி எழுந்து பின்கதவைத் திறந்தாள்.

அவளுடைய தோட்டத்தில், வெறும் பாத்தி ஒன்றின் ஓரமாக ரோலண்ட் நின்றிருந்தார். பைஜாமா, மேலே மழைக்கோட்டு, காலில் சேற்று பூட்ஸ். ஒரு கையில் பாத்திர மூடி, இன்னொரு கையில் கரண்டி. எதிரே அந்தத் தாய்ப் பன்றி, போகலாமா வேண்டாமா என்று யோசித்தபடி நின்றிருந்தது. அவர் இன்னும் நாலு தட்டு தட்ட, குட்டிகளோடு வேலிச் சந்து வழியாக ஓடி மறைந்தது.

"என் தோட்டத்துல என்ன பண்றீங்க?"

"எங்க வீட்டு கேட் சாத்தியிருக்கு. அதான் இந்தப் பக்கம் வந்துடுச்சுங்க." அவருக்கு மூச்சு வாங்கியது. "உங்க வேலியில அந்தச் சந்து ரொம்ப நாளா இருக்கு."

"அப்படின்னா அடைக்கச் சொல்லியிருக்கலாமே."

"சொன்னா உடனே ஆளைக் கூப்பிட்டு இந்தப் பாத்தியையும் சேர்த்துக் கொத்தச் சொல்வீங்க. உங்களைத் தெரியாதா எனக்கு?"

எனிட் அவர் காலடியைப் பார்த்தாள். "இது வெறும் மண்ணு. ஒரு புல்லுகூட இல்ல. இதுக்கா இந்தக் குளிர்ல காவல் நிக்கிறீங்க?"

ரோலண்ட் கரண்டியைக் கோட்டுப் பைக்குள் செருகப் பார்த்தார்; அது உள்ளே போகவில்லை.

"ரோலண்ட்."

"சொல்ல மாட்டேன்னு வாக்கு குடுத்திருக்கேன்மா."

"யாருக்கு?"

அவர் பெருமூச்சு விட்டார். "அக்டோபர்ல நீங்க தங்கச்சி வீட்டுக்குப் போயிருந்தீங்கல்ல. அப்ப ஐவர் முடியாத உடம்போட இங்க மண்டி போட்டு, பாத்தி முழுக்க டியூலிப் கிழங்கு நட்டான். ஏப்ரல்ல உங்க பிறந்த நாளுக்குப் பூக்கும்னு கணக்கு. 'அன்னிக்கு நான் இருக்க மாட்டேன், பூ இருக்கட்டும். அதுவரைக்கும் பன்னி வாயில விழாம பார்த்துக்கோ, அவகிட்ட மூச்சு விடாதே'ன்னான். பன்னிக்கு டியூலிப் கிழங்குன்னா உசுரு. அதான் அதுங்களை என் பக்கம் இழுத்து வெச்சேன்."

எனிட் குனிந்து அந்த வெறும் மண்ணைத் தொட்டுப் பார்த்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டபோது சிரிப்பும் சேர்ந்து வந்தது.

பிறகு அவர் கையிலிருந்து பாத்திர மூடியை வாங்கிக்கொண்டாள்.

"குளிருது, வீட்டுக்குப் போய்ப் படுங்க. இனிமே என் முறை."