சத்தம் போடும் பூட்ஸ்

“சத்தமே வரலையே, வே!” என்று ரப்பர் ஷூவைக் கழற்றிப் போட்டார் வானமாமலை.

கடைக்காரர் அய்யாத்துரை ஷூவை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “அண்ணாச்சி, சத்தம் வருதுன்னுதான் திருப்பிக் கொண்டாந்து போடுவாக. வரலைன்னு சொல்லுத மொத ஆளு நீங்கதான்.”

வானமாமலையின் மனைவி கனகவள்ளிக்கு மானம் போயிற்று. மும்பை கிங்ஸ் சர்க்கிளில் மழைக்கு ஒதுங்கின கூட்டமெல்லாம் கடை வாசலில் நின்று வேடிக்கை பார்க்கிறது.

“இதுக்கு என்ன குறையாம்? வாளித் தண்ணியில நின்னு பார்த்தாச்சு. ஒரு சொட்டு உள்ள இறங்கலை. காலுக்கு மெத்து மெத்துன்னு இருக்குன்னு நீங்கதானே சொன்னீங்க?”

“இருக்கு. ஆனா பூனை நடக்குத மாதிரில்லா இருக்கு!”

கடைசியில் அய்யாத்துரை பரணிலிருந்து ஒரு பூட்ஸை இறக்கித் தூசி தட்டினார். கட்டை மாதிரி கனம். வானமாமலை மாட்டிக்கொண்டு நடந்தார்.

கிரீச்! கிரீச்!

“ஆங், இதுதான் பூட்ஸு!”

“குதிகாலைக் கடிக்கும் அண்ணாச்சி. போன மழைக்கே விலை போகாத சரக்கு.”

“கடிச்சா கடிக்கட்டும். போட்டுக்கிட்டே போறேன்.”

கனகவள்ளி குடையை எடுத்துக்கொண்டாள். போன வாரம் வரை மூட்டை தூக்கின மனுஷன். மசாலா மூட்டை அடுக்கும் கிட்டங்கியில் சூப்பர்வைசர் ஆகணும் என்று பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தவளே அவள்தான். ஆகி ஒரு வாரம்கூட முழுசாக ஆகவில்லை. அதற்குள் தலைக்கனம் கால் வரைக்கும் இறங்கிவிட்டதே! அப்பனே, என் பழைய மனுஷனையே திருப்பிக் கொடுத்துவிடு என்று மனசுக்குள் கும்பிட்டாள்.

தெருவில் இறங்கினார்கள். கிரீச்! கிரீச்! பஸ்ஸுக்கு நின்றவர்கள் அத்தனை பேரும் திரும்பினார்கள்.

“சூப்பர்வைசர் வாராருன்னு ஊருக்கே தம்பட்டம் அடிக்கணுமாக்கும்?”

“ஏளா, ஊருக்கு எதுக்கு? கிட்டங்கிக்குத்தான்.” வானமாமலை அதற்குள் நொண்ட ஆரம்பித்திருந்தார். “மல்லி சலிக்குத பொம்பளையாளுக உக்காரவே கூடாதாம். உக்காந்திருக்கிறதை நான் கண்ணால பார்த்தா அன்னைக்கே சீட்டைக் கிழிச்சிரணுமாம். முதலாளி உத்தரவு.”

“அதுக்கு?”

“நேத்து செருப்புக் காலோட சத்தமில்லாமப் போய் நின்னுட்டேன். பூமாரி, மாசமா இருக்கிற புள்ள, மூட்டை மேல உக்காந்திருந்தா. என்னைக் கண்டதும் பதறி எந்திரிச்சா பாரு... நான் கூரையைப் பார்த்துக்கிட்டே திரும்பி வந்துட்டேன். தினமும் கூரையவா பார்த்துக்கிட்டுப் போக முடியும்?”

கனகவள்ளி குடையை அவர் பக்கம் சாய்த்துப் பிடித்தாள்.

“இன்னும் கொஞ்சம் ஓங்கி மிதிங்க, பார்ப்போம்!”